ஓய்வறையில் தியானம், ஓய்வுக்கோ அனுமதியில்லை

2024 செப்டம்பரில் சென்னையில் ஒரு தனியார் கல்வி நிறுவன விழாவில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆற்றிய உரை நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. புனேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனமொன்றில் சேர்ந்த நான்கே மாதங்களில் உயிரிழந்த இளம் கணக்காளர் ஒருவரைப் பற்றி அவர் பேசினார். அளவுக்கு மீறிய பணிச்சுமையே காரணம் என்று தாய் எழுதிய கடிதம் அதற்குள் பொதுவெளிக்கு வந்திருந்தது. அமைச்சரோ, அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பமும் கல்வி நிறுவனங்களும் கற்பிக்க வேண்டும் என்றும், இறைநம்பிக்கையால்தான் அவ்வலிமை வளரும் என்றும் அறிவுறுத்தினார். எவரையும் பழிப்பது நோக்கமன்று எனப் பின்னர் விளக்கம் வந்தது. ஆயினும் அவ்வுரையின் தர்க்கம் வெளிப்படையானது: வேலை இருந்தபடியே இருக்கும்; தாங்கப் பழக வேண்டியவர் தொழிலாளியே.

அதே அமைச்சர் 2025 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மேசைமுன் அமர்ந்திருப்போரின் மனநலம் சீர்குலைந்திருப்பதை எடுத்துக்காட்டியது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்துக்கும் இதயநோய்க்கும் 7,45,000 பேர் பலியானதாக உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இவை ஆட்சியாளர்கள் அறியாதவை அல்ல. எனினும் 2025 ஜூலையில் குஜராத் பாஜக அரசு, தொழிற்சாலை வேலைநாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகக் காங்கிரஸ் அரசு தகவல் தொழில்நுட்பத் துறைக்கு 12 மணி நேர வேலைநாளை முன்மொழிந்தது. ஆய்வறிக்கை ஒன்று சொல்ல, ஆட்சி வேறொன்று செய்கிறது. இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தை மூடுவதற்கே ‘மனநலப் பயிற்சி’ இன்று அழைக்கப்படுகிறது.

நிறுவனங்கள் நடத்தும் இப்பயிற்சிகளின் வடிவம் பலரும் அறிந்ததே. அரைநாள் வகுப்பு, மூச்சுப்பயிற்சி, ஓர் ஆலோசகரின் தொலைபேசி எண், கைபேசியில் ஒரு செயலி. மறுநாள் அதே இருக்கை, அதே இலக்கு, இரவு பத்து மணிக்கு அதே மேலாளரின் அழைப்பு. மூவர் செய்ய வேண்டிய வேலையை இருவர் செய்யும் இடத்தில் மூன்றாமவரை நியமித்தால் ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்தாக வேண்டும். பயிற்சிக்கோ ஒருநாள் செலவு போதும். முதலாளித்துவம் மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறது.

ரயில் எஞ்சினுக்குள்

தனியார் நிறுவனங்களை விட்டு, நாட்டின் மிகப்பெரிய பொதுத்துறை வேலையளிப்பாளர்களில் ஒன்றான ரயில்வேயைப் பார்த்தாலும் காட்சி மாறவில்லை. ரன்னிங் ரூம் எனப்படும் ஓய்வறைகளில் யோகா, தியான வசதிகள் செய்து தந்திருப்பதாக நிர்வாகம் பெருமையுடன் அறிவிக்கிறது. லோகோ பைலட்டுகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆனால் பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை இல்லை. உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் வரையறுத்த இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கையை, நடைமுறைக்கு இயலாதது என்று கூறி 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் நிராகரித்தது. எஞ்சினுக்குள் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது தனியுரிமையை மீறுவதாகாது என்றும் அப்போதே தீர்ப்புச் சொன்னது.

லோகோ பைலட்டுகள் கேட்பது அரிய சலுகை எதுவுமன்று. தினசரி ஓய்வான 16 மணி நேரத்துடன் 30 மணி நேர வார ஓய்வைத் தனியே சேர்த்துத் தர வேண்டும்; தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவுப்பணி தரக்கூடாது. இக்கோரிக்கைகளுக்காக 2025 பிப்ரவரியில் அவர்கள் 36 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தனர். ஆள் பற்றாக்குறையின் அளவை நிர்வாகத்தின் எண்களே காட்டிக்கொடுக்கின்றன. 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 5,696. ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சில நாட்களுக்குள் அந்த எண்ணிக்கை 18,799 ஆக உயர்ந்தது. அத்தனை வெற்றிடங்களின் பாரத்தையும் அதுவரை சுமந்தவர்கள் பணியிலிருந்தவர்களே. அவ்விபத்தில் முதற்பழியும், உயிரிழந்த சரக்கு ரயில் ஓட்டுநர் மீதே விழுந்தது.

இது பழைய கதை. ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் மரண விசாரணை ஒன்றில் நின்ற மூன்று ரயில் தொழிலாளர்களை மார்க்ஸ் காட்டுகிறார். எட்டு மணி நேரமாக இருந்த வேலை 14, 18, 20 மணி நேரமாக நீண்டதை அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள். ஒரு கட்டத்தில் உழைப்புச் சக்தி தீர்ந்துபோனது என்பதே மார்க்ஸ் காட்டும் உண்மை. அன்றைய விசாரணை மன்றம் அதைக் கவனக்குறைவு என்றது. இன்றைய நிர்வாகம் மன உறுதிக் குறைவு என்கிறது.

இரண்டு தவறுகள்

இங்கே தொழிற்சங்கத் தோழர்கள் சிலரிடமுள்ள ஒரு கருத்தையும் எதிர்கொள்ள வேண்டும். மனநலம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, கூலி உயர்ந்தால் தானே தீரும் என்பது அக்கருத்து. இது நிர்வாகத்தின் தவறுக்கு மறுபக்கமான தவறு. மனத்துயரைச் சொல்ல அஞ்சும் லோகோ பைலட்டின் அச்சம் பொருளியல் சார்ந்தது. மருத்துவத் தகுதி போனால் எஞ்சினை விட்டு இறங்கி மாற்றுப்பணிக்குச் செல்ல நேரும். ஓடும் கிலோமீட்டருக்கான படி நின்றுபோகும். நிர்வாகத்தின் ஆலோசகரிடம் அவர் வாய்திறக்காததற்குக் காரணம் அறியாமை அன்று. சங்கமும் அதைப் பேசாவிட்டால் அவர் மதுவிடமோ மௌனத்திடமோதான் போவார்.

பயிற்சியே வேண்டாம் என்பது இடதுசாரிகளின் வாதமன்று. பணியிட மனநலம் குறித்து 2022இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கடும் பணிச்சுமை, இழிவான நடத்தை ஆகிய ஆபத்துகளைக் களையுமாறு கூறின. முதன்முறையாக மேலாளர்களுக்கும் பயிற்சி பரிந்துரைத்தன. இந்திய நிறுவனங்களோ மேலாளரை அவர் போக்கில் விட்டுவிட்டுத் தொழிலாளிக்கு வகுப்பெடுக்கின்றன.

ஆகவே போராட்டத்தின் முழக்கங்கள் திட்டவட்டமாக இருத்தல் வேண்டும். பணிநேர வரம்பும் ஓய்வும் சட்ட உரிமையாக வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பயிற்சி முதலில் மேலாளர்களுக்கு. தொழிலாளர்களுக்கு எனில் ஊதியத்துடன் கூடிய வேலை நேரத்தில், சங்கத்தின் பங்கேற்புடன். ஆலோசகரிடம் சொன்னது நிர்வாகக் கோப்புக்குள் போகாது என்பதற்கு எழுத்து வடிவ உறுதி வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மனநலப் பாதிப்புகள் இடம்பெற்றுவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மோடி அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் நோய் அட்டவணையிலோ ஈயநஞ்சும் சிலிக்கோசிஸும் உண்டு, மனநலப் பாதிப்பு இல்லை. அதைச் சேர்க்கக் கோருவது அத்தொகுப்புகளுக்கு எதிரான போராட்டத்தின் பகுதியாக வேண்டும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்து எழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். பல்லாயிரம் தொழிலாளர்களின் உறக்கத்தைக் காத்த அந்த எதிர்ப்பு, ஒவ்வொரு மாநிலத்திலும், ஒவ்வொரு ரன்னிங் ரூமிலும் அலுவலகத்திலும் தொடர வேண்டும்.