ஆம்பியும் நஞ்சுண்ட நிலமும்

நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கிவிட்டுப் பின்னர் அந்நஞ்சைப் போக்க வழி தேடுதல் இக்கால மாந்தரின் பெருங்கருமங்களுள் ஒன்றாகிவிட்டது. அவ்வழிகளுள் ஒன்றாகக் காளானைக் கொண்டு மண்ணைத் தூய்மை செய்யலாம் என்னுஞ் செய்தி பலராலும் பேசப்படுகின்றது. அஃது எத்துணை உண்மை, நமக்கு எவ்வளவிற் பயன்படும் என்பவற்றை ஆராய்தல் வேண்டும். யான் விஞ்ஞானியல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், கிணற்று நீரைக் குடிப்பவன் எவனும் இவ்விடயத்திற்கு அந்நியனல்லன்.

காளானுக்குப் பழந்தமிழிலே ஆம்பி என்று பெயர். நெடுநாட் சமைத்தலை மறந்த அடுப்பிலே ஆம்பி பூத்திருந்த வறுமைக் காட்சியைப் பெருந்தலைச்சாத்தனார் குமணனுக்குப் பாடிய புறநானூற்றுச் செய்யுளிற் காண்கின்றோம். மனிதன் கைவிட்ட இடத்திலே காளான் குடியேறும் என்பது பழையோர் கண்ட உண்மை. அங்ஙனம் குடியேறி அது செய்யுந் தொழில் யாது என்பதே இன்றைய விஞ்ஞானம் நமக்குக் கூறுவது.

நாம் காணுங் குடை காளானின் ஒரு பகுதியே. அதன் உண்மையான உடல், மண்ணினுள்ளும் மரத்தினுள்ளும் பரந்து கிடக்கும் நுண்ணிய வெண்ணிழைகளின் வலையாகும். விலங்குகள் உணவை உட்கொண்டு செரிக்கின்றன. பூஞ்சண இனமோ நொதியங்களை வெளியே சுரந்து, உணவைப் புறத்தே கரைத்துப் பின்னர் உறிஞ்சிக்கொள்கின்றது. மரத்துக்கு வன்மை தரும் இலிக்னின் என்னும் பொருள் எளிதிற் சிதைவதன்று. அதனைச் சிதைக்க வல்லவை வெண்ணழுகற் பூஞ்சணங்கள். அவற்றின் நொதியங்கள் ஒரு பொருளையே தேர்ந்து தாக்குவனவல்ல. இலிக்னினை ஒத்த வளைய அமைப்புடைய பிற பொருள்களையுந் தாக்குகின்றன. கனிய எண்ணெயிலுள்ள சில நச்சுப்பொருள்களும், டீ.டீ.ரீ. போன்ற பூச்சிகொல்லிகளும் அத்தகையனவே. மரத்தை உண்ணக் கற்ற உயிர் நஞ்சையும் உண்ண வல்லதாயிற்று என்க.

இஃது ஊகமன்று. பனரோகீற்றே கிறைசோஸ்போரியம் என்னும் வெண்ணழுகற் பூஞ்சணத்தில், இலிக்னினைச் சிதைக்கும் நொதியம் 1983ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 1985இல் ஐக்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளரான பம்பசும் அவர்தம் கூட்டாளரும், அதே பூஞ்சணம் டீ.டீ.ரீ. முதலிய பொருள்களைக் காபனீரொட்சைட்டு வரை சிதைத்தலை நிறுவிக் காட்டினர்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே நடந்த முயற்சிகளுள் அதிகம் பேசப்படுவது, 1998இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்காமில் நிகழ்ந்ததாகும். டீசல் முதலிய எண்ணெய்க் கழிவு தோய்ந்த மண்ணைக் குவியல்களாக்கி, ஒன்றிற் சிப்பிக்காளானின் இழைகளை இட்டனர். ஏனையவற்றுக்கு வேறு முறைகளைக் கையாண்டனர். சில வாரங்களின் பின் மூடுதுணியை நீக்கியபோது, ஏனைய குவியல்கள் கருநிறத்தோடு நாறிக் கிடந்தன. காளானிட்ட குவியலோ நிறம் வெளுத்துக் காளான் செறிந்திருந்தது. பின்னர் அதிற் பூச்சிகள் வந்தன, பறவைகள் வந்தன, விதைகள் முளைத்தன. இம்முயற்சியில் ஈடுபட்ட போல் ஸ்ராமெற்ஸ் இதனைத் தம் நூலிலும் உரைகளிலும் விரித்துரைத்துள்ளார். 2017இற் கலிபோர்னியாவில் வீடுகள் காட்டுத்தீக்கு இரையானபோது, சாம்பலின் நஞ்சு மழைநீரோடு ஓடைகளிற் கலவாதிருக்கக் காளானிழை ஊட்டிய வைக்கோலுருளைகளைத் தன்னார்வலர் அணையாக இட்டதும் இவ்வழியிலேயே.

இனி, இதன் எல்லைகளைக் கூறாது விடுதல் நேர்மையன்று. முதலாவது, காளானுக்கு உணவும் ஈரமும் காற்றும் வேண்டும். வைக்கோலோ மரத்தூளோ இன்றி வெறும் எண்ணெயை மட்டும் உண்டு அது வாழாது. இட்ட காளானை மண்ணில் முன்னரே வாழும் நுண்ணுயிர்கள் வென்றுவிடுதலும் உண்டு. இரண்டாவது, நஞ்சு முற்றுஞ் சிதையாது இடையில் நின்றால், அவ்விடைப்பொருளும் நஞ்சாகலாம். ஆதலின் மண்ணைப் பலகாற் சோதித்தறிதல் இன்றியமையாதது. மூன்றாவது, ஈயம், கட்மியம், இரசம் போன்ற உலோகங்களை எவ்வுயிராலும் அழித்தல் இயலாது. காளான் அவற்றைத் தன்னுள்ளே சேர்க்குமேயன்றி இல்லாமற் செய்யாது. அங்ஙனம் விளைந்த காளானைப் பிடுங்கிப் பத்திரமாக அகற்றல் வேண்டும், உண்ணல் ஆகாது.

இவ்வெல்லைகளை யாழ்ப்பாணத்தார் நன்கு சிந்தித்தல் தகும். சுன்னாகத்து மின்னிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்து 2015இல் எழுந்த குரலை நாம் மறந்திலோம். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டுக்குச் சுண்ணக்கற்பாறையினுள் ஓடும் நீரே உயிர். மேல்மண்ணில் தோய்ந்த எண்ணெயைத் தோண்டியெடுத்து, வைக்கோலும் காளானும் இட்டுச் சீர்செய்ய முயலலாம். பாறை வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி நீரோடு கலந்த எண்ணெயைக் காளான் பின்தொடர்ந்து செல்லுமோ? அங்கே அதற்குக் காற்றுமில்லை, வைக்கோலுமில்லை.

ஆகவே என் துணிபு இது. காளான் வைத்தியம் மெய்யான வைத்தியமே; சோதித்துக் கையாளத் தக்கதே. நம் பல்கலைக்கழகங்கள் நம் மண்ணிலேயே விளையுங் காளான்களைக் கொண்டு இவ்வாராய்ச்சியைச் செய்தல் வேண்டும். ஆனால், மருந்து உண்டென்று நஞ்சு வார்ப்பாரை நாம் பொறுத்தல் ஆகாது. கழிவெண்ணெயை மண்ணில் ஊற்றுவோர், நாளை ஏதோவொரு காளான் வந்து அதனை உண்டுவிடும் என்று சொல்லித் தப்ப இடங்கொடோம். தூய்மை செய்யுஞ் செலவும் பொறுப்பும் மாசு செய்தவர்க்கே உரியன. கிணறு கெடுமுன் காத்தலே அறம். கெட்டபின் காளானைத் தேடுதல் ஆபத்துக்கு உதவும் அளவினதே.