ஸ்டாண்டர்டு செத்தது 1963-லயா, 1988-லயா?

டிஸ்கி: இது கார் விமர்சனம் இல்லை. பழைய கார்களைப் பற்றி வரும் புத்தகங்கள் மேல் எனக்கிருக்கும் கடுப்பு. ஆர்வமில்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

பொட்டி தட்டிச் சம்பாதிச்ச காசில் போன மாசம் ஒரு புத்தகம் வாங்கினேன். பிரிட்டிஷ் கார்களின் வரலாறு. வழவழ காகிதம், தலையணை சைஸ். விலையை வீட்டில் இன்னும் சொல்லலை. (1930 வரைக்கும் வந்ததுதான் விண்டேஜ், மத்ததெல்லாம் கிளாசிக்னு திருத்த வர்ற அண்ணன்களுக்கு: தெரியும்ணே. அந்தப் புத்தகத்தில் ரெண்டுமே இருக்கு.)

வாங்கினதும் நேரா ஸ்டாண்டர்டு கம்பெனி பக்கத்துக்குப் போனேன். 1903-ல் கவென்ட்ரியில் ரெஜினால்ட் மாட்ஸ்லே ஆரம்பிச்சது. லேலண்ட் வாங்கினது. 1963-ல் ஸ்டாண்டர்டு என்ற பெயர் முடிவுக்கு வந்தது. சுபம். அதுக்குக் கீழே, "இந்தியாவில் சில காலம் தயாரிக்கப்பட்டது" என்கிற பொருளில் ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

அந்த "சில காலம்" எவ்வளவு தெரியுமா? 1948-ல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கினாங்க. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஃபேக்டரி. முதலில் வான்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு டென், 1961-ல் ஹெரால்டு, 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. உற்பத்தி நின்னது 1988-ல். அதாவது, பெத்த ஊரில் பெயர் செத்த பிறகு 25 வருஷம் அந்தப் பெயரில் கார் செஞ்சது நம்ம பெருங்களத்தூர். இது ஒரு வரியா?

நிற்க. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் செஞ்சி. பெரியப்பா திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வச்சிருந்தார். ராஜகிரி நிழலில் வேலைன்னு பெருமையா சொல்வார், நிழல் அங்கே விழாது என்பது வேற விஷயம். சுத்துவட்டாரத்தில் ஹெரால்டு வச்சிருந்தவங்க எல்லாம் அவர்கிட்டதான் வருவாங்க. ஹெரால்டில் முன்பக்கம் முழுசும், பானெட்டும் மட்கார்டுமா சேர்ந்து, முன்னாடி கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். "இந்த வண்டியை டிசைன் பண்ணவன் மெக்கானிக்கோட இடுப்பு வலி தெரிஞ்சவன்டா" என்பார். அடுத்த நிமிஷமே பின் ஆக்சிலைத் திட்டுவார். ஹெரால்டின் பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும், மேலே குறுக்கே ஒரே ஒரு பிளேட் ஸ்பிரிங். இங்கிலாந்தில் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் போக அது சரி. நம்ம ஊரில் கல்யாணத்துக்கு எட்டுப் பேர் ஏறுவாங்களே! சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கிட்டு நிற்கும்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். கெஸல் வந்தப்போ அந்த ஆக்சிலைத் தூக்கிட்டு, சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டாங்க. ஏன்? ஹெரால்டின் ஆக்சில் இங்கே இருந்த வண்டிக்காரங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலை. அவ்வளவுதான். எங்க பெரியப்பா மாதிரி சின்ன ஊர் மெக்கானிக்குகளின் புலம்பல் ஒரு காரின் அடிப்பாகத்தையே மாத்தியிருக்கு! பிரிட்டனில் ஹெரால்டு சலூன் ரெண்டு கதவோடயே முடிஞ்சுபோச்சு. நாலு கதவு வச்சுச் செஞ்சது இங்கேதான்.

ஆபீஸில் ஒரு நண்பன் சொன்னான்: "மச்சி, டிசைன் வெள்ளைக்காரன்து. நாம ஸ்க்ரூ முடுக்கினோம். இதுல என்ன வரலாறு?" டேய், நாம ரெண்டு பேரும் தினம் பண்றது என்ன? எவனோ எழுதின கோடை நம்ம கஸ்டமருக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதானே? அதுக்கு மட்டும் இன்ஜினியரிங்னு பேரு, இதுக்கு ஸ்க்ரூ முடுக்குறதா?

வெள்ளைக்காரன் எழுதலைன்னு அழுறது பாதி நியாயம்தான். அவன் ஊர்க் கதையை அவன் எழுதுறான். நாம என்ன கிழிச்சோம்? சிம்சன் கம்பெனி 1840-லிருந்து மெட்ராஸில் இருக்கு. 1903-லேயே அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செஞ்சார். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் காரோட ஆரம்பிச்சுத்தான் பின்னால் அசோக் லேலண்ட் ஆச்சு. இதெல்லாம் கூட ஆங்கிலத்தில் எஸ். முத்தையா மாதிரி ஒருத்தர் எழுதினதால் வெளியே தெரியுது. தமிழில் ஸ்டாண்டர்டுக்குன்னு ஒரு முழுப் புத்தகம், நான் தேடின வரைக்கும் கண்ணில் படலை. கிடைக்கிறதெல்லாம் "அந்தக் காலத்தில் அப்பாவின் கார்" டைப் ஏக்கம்தான். ஏக்கம் வரலாறு ஆகாது சார்.

தோல்வியையும் எழுதணும். ஸ்டாண்டர்டு 2000-க்கு உடம்பு ரோவர் எஸ்.டி.1-உடையது. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 வரைக்கும் இருந்துச்சு. இங்கே போட்டது வான்கார்டு காலத்து வம்சாவளியில் வந்த 2 லிட்டர் இன்ஜின். வண்டி எடுபடலை. அப்படி ஏன் செஞ்சாங்க, எந்த லைசென்ஸ், எந்த இறக்குமதி விதி தடுத்துச்சு? இதைச் சொல்ல வேண்டியது நாம. சொல்லாம விட்டதால் அது அவங்க புத்தகத்தில் ஒரு ஜோக்கா போச்சு. இதில் ஹைலைட் என்னன்னா, ஃபேக்டரியில் மிச்சம் கிடந்த ரோவர் பார்ட்ஸை பல வருஷம் கழிச்சு இங்கிலாந்து வியாபாரிதான் மொத்தமா வாங்கிட்டுப் போனார். அதோட மதிப்பும் அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

எங்க செஞ்சிக்கு அந்தக் குறை இல்லை. 1714-ல் செத்துப்போன தேசிங்கு ராஜாவையும் சேர்த்து 1943-லேயே சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி வரலாறு எழுதிட்டார். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் கோட்டை ஏறிடுச்சு. சந்தோஷம். அந்தக் கோட்டையைக் கடந்து திருவண்ணாமலைக்கு ஓடின ஹெரால்டுக்கு யார் எழுதுவா?

இப்ப குட்டு வெளிப்படுத்துறேன். பெரியப்பா ஒரு நீள நோட்டு வச்சிருந்தார். எந்த ஹெரால்டில் எது தேஞ்சது, அதுக்குப் பதிலா எந்த லாரி பார்ட்டைக் கடைசல் பிடிச்சுப் போட்டார், எல்லாம் தேதியோட. அவர் போனப்புறம் ஷெட்டைக் காலி பண்ணி, பழைய பேப்பரோட எடைக்குப் போட்டோம். போட்டது வெள்ளைக்காரன் இல்லை. வண்டியில் ஏத்தி விட்டதே நான்தான்.

ஊருக்குப் போயிட்டு பஸ்ஸில் திரும்புறப்போ பெருங்களத்தூரில்தான் இறங்குறேன். ஃபேக்டரி இருந்த நிலத்தில் இப்ப ஐ.டி. பார்க். காலையில் ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டு உள்ளே போற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அங்கே கார் செஞ்சாங்கன்னு தெரியும்?

அதனால மக்களே, உங்க வீட்டில், தெருவில், அங்கே வேலை பார்த்தவங்க, அந்த வண்டியைப் பிரிச்சு மேய்ஞ்சவங்க இன்னும் இருக்காங்க. எழுபது, எண்பது வயசு ஆகியிருக்கும். செல்போனை ஆன் பண்ணி முன்னாடி வச்சுட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. ஒரு மணி நேரம் போதும். புத்தகத்தை அப்புறம் எழுதிக்கலாம்.

பி.கு: புத்தகத்தின் விலை வீட்டில் தெரிஞ்சுபோச்சு. அடுத்த பதிவு வர லேட்டாகும்.