புளியமரத்துப் பேய்க்கு விஞ்ஞானச் சட்டை மாட்டாதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் புளியமரத்துப் பேயை நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் இன்று குறைவு. அந்த இடத்துக்கு வந்திருக்கும் புது நம்பிக்கைதான் என்னைக் கோபப்படுத்துகிறது. “ராத்திரி மரம் கரியமில வாயுவை விடும், அடியில் படுத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம், அதைத்தான் பெரியவர்கள் பேய் அடித்தது என்றார்கள்” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வகுப்பறையிலும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும் எங்கள் சபையாரும் சொல்கிறார்கள். பேயை நம்பியவரிடம் குறைந்தபட்சம் ஒளிவுமறைவு இல்லை. இவர்கள் பேயை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குப் பாடப்புத்தகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, உண்மைதான். பகலிலும் விடுகிறது. உயிருள்ள இலை, தண்டு, வேர், முளைக்கும் விதை எல்லாம் 24 மணி நேரமும் சுவாசிக்கின்றன. வெளிச்சம் இருக்கும்போது பச்சை இலை ஒளிச்சேர்க்கை என்ற இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அந்த வேலைக்கு அது இழுத்துக்கொள்ளும் கரியமில வாயு, சுவாசத்தில் விடுவதைவிடப் பல மடங்கு என்பதால் பகலில் சுவாசம் நம் கணக்கில் தெரிவதில்லை. பொழுது சாய்ந்தால் அந்த வேலை நின்றுவிடும், சுவாசம் தொடரும். பகலில் நல்லவனாக இருந்து இரவில் கொலைகாரனாக மாறும் மரம் எங்கும் இல்லை.

அளவைப் பார்ப்போம். வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம். நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது 100 மடங்கு. சுற்றியுள்ள காற்றே அந்த 4 சதவீதத்தை எட்டினால்தான் உடனடியாக உயிருக்கு ஆபத்து. திறந்தவெளியில், காற்று ஓடும் இடத்தில், எந்த மரத்தடியும் அதன் பக்கத்தில்கூடப் போகாது. நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் அறையில் விடியற்காலையில் இருக்கும் கரியமில வாயு மரத்தடியில் இருப்பதைவிட அதிகம். அந்த நாலு பேரும் எழுந்து காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

கணக்கே வேண்டாம் என்றால் நம் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் கட்டிலைப் போட்டுக் காவல் படுப்பவர்கள் எத்தனை பேர்! மல்லிகைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொக்குப் பறிக்கும் பெண்கள், செடிகளுக்கு நடுவே இருட்டில் மணிக்கணக்கில் குனிந்து நிற்கிறார்கள். நாம் சூடும் பூ அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த இருட்டிலிருந்து வருகிறது.

இந்தப் பயம் நம் முன்னோரின் ரகசிய விஞ்ஞானமும் அல்ல. 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், செடி வெளிச்சத்தில் காற்றைச் சீராக்குகிறது, இருட்டில் கெடுக்கிறது என்று கண்டு எழுதினார். மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் செய்த சோதனை அது. கலத்துக்குள் கண்டதைத் திறந்தவெளிக்கு இழுத்தவர்கள் பயத்தைப் பரப்பினார்கள். பிரிட்டனில் மருத்துவமனை வார்டுகளிலிருந்து இரவில் பூச்சாடிகளை வெளியே எடுத்து வைக்கும் வழக்கம் வெகுகாலம் நடந்தது. அந்த ஐரோப்பியப் பயத்தைத்தான் நம் தாத்தாவின் ஞானம் என்று சொல்லி நமக்கே திருப்பித் தருகிறார்கள்.

அரசமரமும் துளசியும் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்பது இதன் உடன்பிறந்த பொய். வெளிச்சம் பட்டு நீர் பிளவுபடும்போதுதான் செடியிலிருந்து ஆக்சிஜன் வரும். இருட்டில் அது நடக்காது. அவற்றை வணங்குகிறவர்களின் பக்தியோடு எனக்கு வழக்கில்லை. பக்திக்குப் பொய்யான முட்டு வேண்டாம் என்கிறேன்.

எனக்கு அதிக வருத்தம் என் வீட்டாரான சபையார்மேல்தான். புளியமரத்துப் பேயை ஜெபித்து விரட்டினேன் என்று சாட்சி சொல்லும் ஊழியர், மரத்தில் பேய் உண்டென்று முதலில் ஒப்புக்கொள்கிறார். வேதத்தைத் திறந்து பார்க்கட்டும். எலியா சூரைச்செடியின் அடியில் படுத்துத் தூங்கினார். அங்கே அவரைத் தட்டி எழுப்பியவன் தேவதூதன். இயேசு பகலில் ஆலயத்தில் போதித்துவிட்டு இரவுகளை ஒலிவமலையில் கழித்தார் என்று லூக்கா எழுதுகிறார். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கிவிட்டதற்காக ஆண்டவர் கடிந்துகொண்டது, விழித்திருந்து ஜெபிக்கவில்லை என்பதால். மரங்களைப் பற்றி அவர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. பகலைப் போலவே இரவும் கர்த்தருடையது என்று அறிக்கையிடும் நாம், அவர் படைத்த மரத்தைப் பொழுது சாய்ந்ததும் சந்தேகிக்கலாமா? பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையில் மரத்துக்கு எதிரான பொய்யும் அடங்கும் என்றே நம்புகிறேன்.

உண்மையைத் தேடிப் பார்த்த கிறித்தவர்கள் நமக்கு உண்டு. 1727-இல் வெளிவந்த தம் நூலில், சூரியகாந்தித் தொட்டியைக் காலையும் மாலையும் நிறுத்து இலை வழியே போகும் நீரைக் கணக்கிட்டதை எழுதிய ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குருவானவர். மெழுகுவர்த்தி அணைந்துபோன காற்றைப் புதினாத் தளிர் மீட்டுத் தரும் என்று 1771-இல் கண்ட ஜோசப் பிரீஸ்ட்லியும் ஒரு போதகர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ரோட்லர் ஐயர், தமிழ் அகராதி தொகுத்த அதே கையால் நம் செடிகளைச் சேகரித்துப் பதம் பண்ணினார்.

ஒரு சாயங்காலம் புளியமரத்தடியில் நின்று ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்துப் பாருங்கள். பகலில் விரிந்திருந்த சிற்றிலைகள் இணை இணையாக மூடத் தொடங்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு திரட்சி. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, நீரும் பின்னாலேயே போக, அந்தப் பக்கம் தளர்ந்து இலை மடிகிறது. காலையில் நீர் திரும்பி வந்ததும் விரியும். நம் ஊர்க் கரடுகளில் நிற்கும் உசிலையும், நாம் அரப்பாக அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் அதே மரம், இப்படித்தான் இரவில் இலையை மடிக்கிறது. இதைக் காட்ட வேண்டிய பிள்ளைகளிடம் விஷவாயுக் கதையைச் சொல்கிறோம்.

“பயமுறுத்தினால்தானே பிள்ளைகள் இருட்டில் வெளியே போகாமல் இருப்பார்கள்” என்று கேட்கிறார்கள். மரத்தடிச் சருகில் பாம்பு கிடக்கும், பூரான் இருக்கும், காற்றில் காய்ந்த கிளை முறிந்து விழும். இவை உண்மையான காரணங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அதைச் சொல்லுங்கள், போகத்தான் வேண்டுமென்றால் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து அனுப்புங்கள்.