துணிக்கு இஸ்திரி போடலாம், நோட்டுக்கு?

பழைய ரூவா நோட்டு சேர்க்கறவங்க ரெண்டு பேர் சந்திச்சா, "எந்த வருஷம்?"ங்கற கேள்விக்கு அடுத்து வர்ற கேள்வி "கண்டிஷன் எப்படி?"ங்கறதுதான். ஒரே வருஷம், ஒரே கவர்னர் கையெழுத்து. ஆனா ஒரு நோட்டு ஐநூறுக்குப் போகும், இன்னொண்ணு ஐம்பதுக்குக் கூட போகாது. வித்தியாசம் மடிப்புலதான் இருக்கு.

கணக்கு ரொம்ப சிம்பிள் மக்களே. புழக்கத்துக்கே போகாம, ஒரு மடிப்பு கூட இல்லாம இருந்தா யூ.என்.சி. நடுவுல லேசா ஒரு மடிப்பு, இல்லேன்னா எண்ணும்போது மூலையில விழுந்த சின்னத் தடம், ரெண்டுல ஒண்ணு மட்டும்னா ஏ.யூ. லேசான மடிப்பு மூணு வரைக்கும், இல்ல அழுத்தமான மடிப்பு ஒண்ணுன்னா எக்ஸ்.எஃப். மடிப்பு அதுக்கும் மேல போனா வி.எஃப். அப்புறம் கசங்கல், கிழிசல், நடுவுல ஓட்டைன்னு படிப்படியா கீழ இறங்கும்.

இதுல ஏ.யூ.வை யூ.என்.சி.யா ஆக்கறதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச குறுக்கு வழிதான் இஸ்திரிப் பெட்டி. ஒரு கண்காட்சியில ஹிராகுட் அணை படம் போட்ட நூறு ரூவா நோட்டைக் காட்டி, "பக்கா யூ.என்.சி. சார்"னார் ஒரு வியாபாரி. செல்போன் டார்ச்சைப் படுக்க வச்சு அடிச்சேன். நடுவுல கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. கேட்டா, "சட்டைக்கு இஸ்திரி போடறதில்லையா சார்?"ங்கறார் :-)

சட்டைக்குப் போடலாம் அண்ணாச்சி. நோட்டுல மடிப்பு விழுந்த எடத்துல காகித நாரும் மையும் ஏற்கெனவே உடைஞ்சாச்சு. இஸ்திரி அதை ஒட்ட வைக்காது, மறைக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, விரல் வச்சா தட்டுப்படற அச்சு மேடும் காகிதத்தோட இயல்பான மினுமினுப்பும் செத்துப் போயிடும். தண்ணியில அலசறதும் இதே பாவம்தான். எங்க பாஷையில சொன்னா, பக்கை சரி பண்ணாம எர்ரர் மெசேஜை மட்டும் அழிக்கற வேலை.

இதுக்கு நேர் எதிரா, ஒரு தப்பும் பண்ணாத நோட்டுக்குத் தண்டனை குடுக்கறதும் நடக்குது. பின் ஓட்டையைச் சொல்றேன். நம்ம பாங்குல கட்டுக்கட்டா நோட்டை ஸ்டேப்ளர் அடிச்சுத்தான் குடுப்பாங்க. ரிசர்வ் வங்கி 2001-ல வேணாம்னு உத்தரவு போட்ட பிறகுதான் அது குறைஞ்சுது. அதனால அந்தக் காலத்து நோட்டு புழக்கத்துக்கே வராம இருந்தாலும் ஓரத்துல ரெண்டு ஓட்டை இருக்கும். பி.எம்.ஜி. மாதிரி தரச்சான்று நிறுவனங்களே "வெளியிடும்போதே இருந்த ஸ்டேப்ளர் ஓட்டை"ன்னு தனியா குறிச்சுத்தான் தர்றாங்க. நம்மூர்ல மட்டும் அந்த ஓட்டையைப் பசையும் காகிதக்கூழும் வச்சு அடைக்கறாங்க!

என்னைக் கேட்டா, ஓட்டையோட இருக்கற நோட்டு நேர்மையானது. அது பாங்கு வழியா வந்ததுக்கு அந்த ஓட்டையே சாட்சி. இஸ்திரி போட்ட நோட்டு பொய் சாட்சி. முன்னதுக்குக் கூடுதலா குடுக்கலாம், பின்னதை வி.எஃப். விலைக்கு மேல தொடவே கூடாது. வாங்கறவங்க கண்டுக்காம காசு குடுக்கற வரைக்கும் இஸ்திரிப் பெட்டி சூடாத்தான் இருக்கும். புதுசா சேர்க்க வர்ற பையன் ஒருதடவை ஏமாந்தா, அடுத்த தடவை இந்தப் பக்கமே வரமாட்டான். நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்ல.

கண்டிஷனே எல்லாம்னும் சொல்லமாட்டேன். 1954-ல வந்த, தஞ்சைப் பெரிய கோயில் போட்ட ஆயிரம் ரூவா நோட்டு 1978 ஜனவரியில செல்லாமப் போச்சு. மிச்சம் இருக்கறது கம்மிங்கறதால, கசங்கிக் கிடந்தாலும் அதுக்கு மவுசு இருக்கு.

உங்க தாத்தாவோட டைரிக்குள்ள பழைய நோட்டு ஏதாவது அகப்பட்டா, தயவுசெஞ்சு துடைக்காதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, பி.வி.சி. கவர்ல போடாதீங்க. பாலியெஸ்டர் கவர் கிடைக்கும், அதுல போட்டு வைங்க. மடிப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். தாத்தா மடிச்ச மடிப்புதானே!