மண்டபத்து மாடியில் நான்கு கணினிகள்



வாலிபர் ஐக்கியத்தார் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் ஒன்று ஒரு மாதமாக என் மேசையின் மேல் இருக்கிறது. மண்டபத்து மாடியில் கணினிப் பயிற்சிக்கென்று வாங்கிப் போட்டு, இப்பொழுது தூசி படிந்திருக்கும் நான்கு கணினிகளையும் ஒன்றோடொன்று இணைத்து, சனிக்கிழமை தோறும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை விளையாட அனுமதி வேண்டும் என்கிறார்கள். விளையாட விரும்புபவை இரண்டு: துப்பாக்கி ஏந்திக் குழுவாகச் சுடும் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, படை திரட்டி நாடு பிடிக்கும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. சபைக் குழு இரண்டு முறை கூடிப் பேசியும் முடிவு ஏற்படவில்லை. “ஆராதனை நடக்கும் வளாகத்தில் துப்பாக்கிச் சத்தமா?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. அடுத்த கூட்டத்திற்கு முன்பாக என் எண்ணத்தை எல்லாரும் அறியச் சொல்லிவிடுவது நேர்மை என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் நடுவண் அரசு ‘பப்ஜி’ உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது, அதைத் தொட்டு ஒரு பிரசங்கம் செய்தேன். கணினி விளையாட்டுகள் யாவும் கொலை பழக்கும் பள்ளிகள் என்று அன்று சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு இரண்டாம் வரிசையில் உட்காரும் ஒரு தம்பியை ஆலயத்தில் காணவில்லை. ஏழு மாதம் கழித்து அவன் வீட்டிற்குச் சென்றேன். தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அவன் மிகுந்த மரியாதையோடு ஒன்றே ஒன்று கேட்டான்: “ஐயா, அதை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?” பார்த்ததில்லை. இறையியல் கல்லூரியில் ஒரு நூலை மறுத்து எழுதுவதற்கு முன் அதை முழுவதும் வாசித்திருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தப் பாடத்தை நான் மறந்துவிட்டிருந்தேன்.

அன்று மாலையே அவன் என்னைத் தன் கணினிக்கு முன் உட்கார வைத்தான். அதன் பின் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன், விளையாடவும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 1997 இல் வந்தது. இவர்கள் ஆடுவது 1999 இல் வந்த அதன் இரண்டாம் பாகம். போர் விளையாட்டு என்று நினைத்து உட்கார்ந்த எனக்கு முதலில் கிடைத்தது மூன்று குடியானவர்கள்தான். ஆடு பிடித்து, மரம் வெட்டி, வயல் அமைத்து, பொன்னும் கல்லும் தோண்டிச் சேர்க்க வேண்டும். வயலைக் கவனிக்காமல் படை கட்ட ஓடுகிறவன் விரைவில் வீழ்வான். என் பாட்டனார் ஆலங்குடிப் பக்கம் கடலைச் சாகுபடி செய்தவர். அவர் இருந்திருந்தால் என்னைவிட நன்றாக ஆடியிருப்பார்.

அந்த விளையாட்டில் துறவிகளும் உண்டு. எதிரிப் படைவீரனை நோக்கி ஒரு துறவி சற்று நேரம் மந்திரம் போல் முணுமுணுத்தால், அவன் உடனே நம் பக்கம் வந்துவிடுவான்! இத்தனை ஆண்டு ஊழியத்தில் இவ்வளவு விரைவாக மனம் மாறிய ஒருவரையும் நான் கண்டதில்லை என்று சொன்னேன்; தம்பி வெகுநேரம் சிரித்தான். பழிச்சொற்களுக்கு நடுவே ஊழியம் செய்கிற நமக்கு இது வேடிக்கையாக மட்டும் தோன்றாது என்பதையும் அறிவேன். ஆயினும் அந்தச் சிரிப்பில்தான் அவன் என்னோடு மறுபடியும் பேசத் தொடங்கினான்.

2022 இல் இந்த விளையாட்டின் புதிய பதிப்பிற்கு இந்திய அரசமரபுகளுக்கென்று ஓர் இணைப்பு வெளியாயிற்று. அதில் ‘திராவிடர்’ என்ற பெயரில் ஒரு நாகரிகமும், இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும், உருமி சுழற்றும் வீரரும், ‘திரிசடை’ என்னும் போர்க்கப்பலும் உண்டு. தன் ஊரின் வரலாறு திரையில் வந்த மகிழ்ச்சி தம்பியின் முகத்தில் தெரிந்தது. கொடும்பாளூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மூவர் கோயிலை அவன் பார்த்திருந்தான். ஆனால் அவ்வூர் வேளிர் குலத்தில் பிறந்த பராந்தகன் சிறியவேளான் என்பவர் சுந்தர சோழன் காலத்தில் ஈழப்போரில் மாண்டதைக் கல்வெட்டுகள் குறித்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. மறுவாரம் அவன் தன் நண்பர்கள் இருவரோடு கொடும்பாளூர் சென்று வந்தான். நான் அனுப்பவில்லை.

என் மனம் உண்மையில் உறுத்துவது இங்கேதான். அந்த விளையாட்டில் ஒரு குடியானவனின் விலை 50 அளவு உணவு. அவன் வெட்டுண்டு விழுந்தால் இன்னொரு 50 செலவிட்டு வேறொருவனை உண்டாக்கலாம். விழுந்தவனுக்குப் பெயர் இல்லை, அழுவாரும் இல்லை, உடல் எலும்பாகி மண்ணில் மறைந்துவிடும். நம் மாவட்டமோ மாண்ட வீரனுக்குக் கல் நட்ட நாடு. பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்திருக்கிறது. ஒரு சிற்றூர்ப் பூசலில் விழுந்த ஒருவனுக்காகக் கல்லைத் தேடி, எழுத்தறிந்தவனைத் தேடி, பெயரை வெட்டி நிறுத்தினார்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. “விளையாட்டில் அதெல்லாம் நினைத்தால் தோற்றுப்போவோம் ஐயா,” என்றான். உண்மைதான். அந்த உண்மை எனக்குப் பிடிக்கவில்லை.

இனி ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’. 1999 இல் வேறொரு விளையாட்டின் மேல் இரண்டு இளைஞர்கள் பொழுதுபோக்காகக் கட்டியது இது. ஐவருக்கு எதிராக ஐவர். ஒரு பக்கத்தார் வெடிகுண்டு வைக்க முயல்வர், மறுபக்கத்தார் தடுப்பர். சுடப்பட்டவன் அந்தச் சுற்று முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவனுக்கு உடன் ஆடுபவன் தன் பணத்தில் துப்பாக்கி வாங்கிப் போடுவான். இது இரத்தவெறியை ஊட்டுமா? அமெரிக்க உளவியல் கழகம் 2020 இல் வெளியிட்ட தீர்மானத்தில், இத்தகைய விளையாட்டுகளுக்கும் கூச்சல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்திற்கும் ஓரளவு தொடர்பு காணப்படுகிறது என்றும், கொலை போன்ற கொடுஞ்செயல்களுக்கு இவற்றைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. 2020 இல் நான் சொன்னது மிகைதான்.

ஆனால் நான் பார்த்தவற்றுள் வேறு சில கேடுகள் உண்டு. அவற்றைப் பெற்றோர் பெரும்பாலும் அறியார். முதலாவது, முன்பின் அறியாதவர்களோடு காதில் ஒலிவாங்கி மாட்டி ஆடும்போது வரும் பேச்சு. தாயைக் குறித்தும் சாதியைக் குறித்தும் அங்கே கேட்ட சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரே அறையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஆடிய பிள்ளைகளிடம் அந்தச் சொற்களை நான் கேட்கவில்லை. இரண்டாவது, இரவு. மூன்றாவது, பணம். 2013 முதல் இந்த விளையாட்டில் பூட்டிய பெட்டிகள் வருகின்றன. விலை கொடுத்துச் சாவி வாங்கித் திறந்தால் துப்பாக்கிக்கு ஒரு வண்ணம் கிடைக்கும். அது பத்து ரூபாய்க்கும் பெறாததாக இருக்கலாம், பல்லாயிரம் பெறுவதாகவும் இருக்கலாம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. துப்பாக்கியைக் கண்டு பதறும் நாம் அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் விடுகிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசின் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாட்டைத் தடுக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் அவற்றை ஏற்றது. ஆனால் அவை பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டுமே. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு கொண்டுவந்த சட்டமும் பணம் கட்டும் ஆட்டங்களையே தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளை அது ஊக்குவிக்கவே செய்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தனியறையில் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடும் பிள்ளையை எந்தச் சட்டமும் எழுப்பிப் படுக்க வைக்காது.

நம் சபையில் ஒரு தாயார் குழுக் கூட்டத்தில் எழுந்து, தம் மகன் பொறியியல் படிப்பில் ஆறு பாடங்களில் தவறியதைச் சொல்லி அழுதார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருக்கிறது, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கேடு வந்த பின்னும் விடாமை ஆகிய இவை ஏறக்குறைய ஓராண்டு நீடித்தால் அது நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014 முதல் ஒரு பிரிவை நடத்துகிறது. அம்மா, மகனுக்காக ஜெபிப்போம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். நானும் உடன் வருகிறேன். கணினியைப் பிடுங்கி உடைக்க வேண்டாம்.

ஆகவே என் கருத்து, அனுமதி கொடுக்கலாம் என்பதே. மூன்று மணி நேரம், கதவு திறந்தபடி, பெரியவர் ஒருவர் உடனிருக்க. வெளி இணைய இணைப்பு வேண்டாம்; நான்கு கணினிகளுக்குள் ஆடினால் போதும். பணம் செலவிடும் எதுவும் கூடாது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சுடும் விளையாட்டு கூடாது. மென்பொருளை விலை கொடுத்தே வாங்க வேண்டும். கள்ளப் பிரதியை மண்டபத்தில் நிறுவிவிட்டு ஞாயிறன்று திருட்டைக் குறித்து நான் பேச முடியாது. (இந்த ஒன்றைத்தான் வாலிபர்கள் முகம் சுளித்து ஏற்றார்கள்.)

மறுப்புள்ளவர்கள் மறுப்பைத் தயங்காமல் குழுவில் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் வரும் சனிக்கிழமை மாலை மாடிக்கு ஒருமுறை வாருங்கள். ஒத்திகையாக இரண்டு மணி நேரம் ஆடப்போகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் குறித்துக் கேட்ட மூத்தவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உடனிருக்கும் பெரியவராக முதல் மாதம் நானே உட்காருகிறேன். தம்பி எனக்கு வயல் வேலையைக் கொடுத்திருக்கிறான். படையின் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.