விளையாட்டிற் பொருளீட்டல்

பொருளை விரும்பாத மாந்தர் இவ்வுலகில் அரியர். திருவள்ளுவரும் பொருட்பாலில் 'பொருள்செயல்வகை' எனத் தனியே ஓரதிகாரம் வகுத்து, அதனைத் தம் நூலின் 76ஆம் அதிகாரமாக நிறுத்தினார். மெய்யுலகிற் பொருள் தேடுதல் இயல்பேயென்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆனால் இல்லாத நாட்டில், இல்லாத அரசன் அடித்த, இல்லாத நாணயத்தை ஈட்டுதற்கு இக்காலத்து மாணவர் இராப்பகலாய் முயல்கின்றனர் என்னின், அது மூத்தோர் சிலர்க்கு வியப்பையும், வேறு சிலர்க்குச் சினத்தையும் விளைக்கின்றது. அந்நாணயத்தை விரைந்து ஈட்டும் வழிகள் எவை, அவற்றுட் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டுக்களை அறியாத ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்கட்கும் முதற்கண் ஒரு சிறு விளக்கம் வேண்டும். கணினியில் ஆடப்படுவனவற்றுள் 'ரோல் பிளேயிங் கேம்' என்பது ஒரு வகை. ஆடுவோன் ஒரு கதைமாந்தனின் வேடம் பூண்டு, காடும் மலையும் குகையும் நகரமும் செறிந்த ஒரு கற்பனை நாட்டிற் புகுகின்றான். புகும்பொழுது அவன் பெரும்பாலும் வெறுங்கையன். வாளும் கவசமும் மருந்தும் வீடும் அவன் பொருள் கொடுத்தே பெறவேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளியிட்ட 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டைக் கொள்வோம். அந்நாட்டில் வைட்ரன் என்னும் நகரிற் சிறு வீடொன்றின் விலை 5,000 பொற்காசு. கையில் ஐம்பது காசும் இல்லாத புதியவனுக்கு அது மலைபோல் தோன்றும். ஆதலால், விரைந்து பொருளீட்டுவது எங்ஙனம் என்னும் வினா இவ்விளையாட்டை ஆடுவோர் கூடுமிடமெல்லாம் எழுவது இயல்பே.

அவ்வினாவிற்கு மூவகை விடை உண்டு. விளையாட்டின் விதிகட்கு உட்பட்டுத் தொழிற்றிறத்தால் ஈட்டுவது ஒன்று. விளையாட்டை அமைத்தோர் அறியாது விட்ட பிழையைப் பயன்படுத்தி ஈட்டுவது மற்றொன்று. மெய்யான ரூபாயைக் கொடுத்து விளையாட்டுப் பொருளை வாங்குவது பிறிதொன்று. முதலாவது போற்றத்தக்கது, இரண்டாவது விளையாட்டின் சுவையைக் கெடுப்பது, மூன்றாவது வீட்டையே கெடுக்க வல்லது. இதுவே என் துணிபு.

முதல் வழியை நோக்குவோம். ஸ்கைரிம் நாட்டில் வெறுங்கையன் செய்யத்தக்க தொழில் விறகு வெட்டுதல். ஒரு விறகுக்கு 5 காசு கிடைக்கும். உழவர் தோட்டத்தில் முட்டைக்கோசும் கிழங்கும் கோதுமையும் பறித்து அவ்வுழவரிடமே கொடுத்தும் காசு பெறலாம். இவை கூலித்தொழில்கள், ஊதியம் உறுதி, ஆனால் சிறிது. அதற்கு மேற்பட விரும்புவோன் மருந்து வடிக்கக் கற்பான். மலைச்சாரலிற் பூத்துக்கிடக்கும் நீலப்பூவைப் பறித்து, நீல வண்ணத்துப்பூச்சியின் சிறகோடு சேர்த்து வடித்தால், தனித்தனியே சிறு விலை பெறும் அவ்விரண்டும் கூடி நல்ல விலைபெறும் குப்பியாகும். இன்னும் ஒருவன், இரும்புத் தாதை வெள்ளித் தாதாகவும் வெள்ளியைப் பொன்னாகவும் மாற்றும் மந்திரத்தைக் கற்று, இரண்டு தாதுக்கட்டிகளை உருக்கி ஒரு பொற்பாளமாக்கி, அப்பாளத்தில் இரண்டு மோதிரம் செய்வான். மோதிரம் விலைபோவதோடு அவனது கம்மியத் திறனும் உடன்வளரும்.

இதனை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, விளைபொருளினும் செய்பொருளே மிக்க விலை பெறும் என்பது. நம் சின்னாளபட்டி நெசவாளர் நூலை நூலாக விற்பாரல்லர். சுங்குடிச் சேலையாக்கியே விற்பர். திண்டுக்கல் நகரின் பூட்டுத் தொழிலாளர் இரும்புத் தகட்டை மாங்காய்ப் பூட்டாக்கி விற்றமையாலன்றோ இந்நகரின் பெயர் தமிழகமெங்கும் பரவியது! 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றதும் அப்பூட்டே. அதற்கு முதலாகிய இரும்பன்று. இரண்டாவது, சுமை அறிந்து சுமத்தல். ஸ்கைரிமில் தொடக்கத்தே ஒருவன் 300 அளவு நிறையே தாங்குவான். அறிவிலி பகைவனின் இரும்புக் கவசத்தைத் தூக்கித் தள்ளாடுவான். அறிவுடையோன் அதனை விடுத்து, நிறை சிறிதும் விலை பெரிதுமாகிய மணியை எடுத்துச் செல்வான். மூன்றாவது, வாங்குவோன் நிலையறிதல். அந்நாட்டுப் பலசரக்கு வணிகனிடம் பெரும்பாலும் 750 காசே இருக்கும். அது தீர்ந்தால் இரண்டு நாள் கழித்தே மீண்டும் நிரம்பும். ஆகவே ஒரே கடையில் எல்லாவற்றையும் கொட்டாது ஊர்தோறும் பகிர்ந்து விற்பவனே விரைந்து உயர்வான். பேச்சுத்திறன் வளருந்தோறும் அவன் வாங்கும் விலை குறைந்து, விற்கும் விலை ஏறும். சொல்வன்மையை அமைச்சர்க்கு ஓதிய வள்ளுவர் வணிகர்க்கும் அதனை விலக்கார் என்றே எண்ணுகின்றேன்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் முறையன்று. ஸ்கைரிமில் ஒருவன் ஆயிரம் முட்டைக்கோசு விற்றாலும் அதன் விலை ஒரு காசும் இறங்காது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் அங்ஙனமன்று. வரத்து மிகுந்த நாளில் தக்காளியின் விலை பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் போதாது வீழ, உழவர் அதனைச் சாலையோரத்திற் கொட்டிச் செல்வதும் உண்டு. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் முகூர்த்த நாளுக்கு முன்னர் வானளாவ ஏறிய மல்லிகையின் விலை, அந்நாள் கழிந்ததும் இறங்கிவிடும். விளையாட்டில் முயற்சிக்குக் கூலி தவறாது கிட்டும். நம் சமவெளியில் முயன்றவனும் தோற்பதுண்டு. ஆதலால் விளையாட்டிற் செல்வனானவன் வணிகமுழுதுங் கற்றவனாகத் தன்னை மதித்தல் பேதைமை. அது முயற்சியின் அரிச்சுவடி. சந்தையின் பாடம் சந்தையிலேதான் உண்டு.

இனி இரண்டாம் வழி. எத்துணை நுட்பமாக அமைத்த விளையாட்டிலும் சில பிழைகள் எஞ்சும். ஸ்கைரிமில் ஒருவகை மருந்தை அருந்தி, மருந்து வடிக்குந் திறனை மிகுவிக்கும் ஆடையைக் கழற்றி மீண்டும் அணிந்தால், அவ்வாடையின் ஆற்றல் பெருகும். அவ்வாற்றலால் முன்னினும் வலிய மருந்து வடித்து, அதனை அருந்தி, மீண்டும் அணிந்து, இவ்வாறே சுழன்றால் ஒரு குப்பியின் விலை இலட்சங்களைக் கடக்கும். கணினியில் ஆடுவோர்க்கு அத்துணை முயற்சியும் வேண்டா. ஒருவரி ஆணையைத் தட்டெழுதிய அளவில் வேண்டிய பொன் பையில் வந்து விழும்.

'தனியே ஆடும் விளையாட்டில் இதனால் யார்க்கு இழப்பு?' என்று நண்பர் சிலர் வினவுவர். பிறர்க்கு இழப்பில்லை என்பது மெய்யே. இதனைக் களவென்று யான் கூறேன். ஆனால் 5,000 காசு என்பது அவ்வீட்டின் விலை மட்டுமன்று. அதனை அடைதற்கு ஆடுவோன் கடக்கவேண்டிய குகைகளின் அளவும், கற்கவேண்டிய தொழில்களின் அளவும் ஆகும். பொன் எல்லையற்றதாயின் அவ்வளவுகோல் முறிந்துபோம். மருந்து வடிக்க மலையேற வேண்டா. மோதிரம் செய்ய உலைமுன் நிற்க வேண்டா. வேண்டுவது யாதும் இல்லாத நாட்டில் ஒருவன் எத்தனை நாள் உலவுவான்? எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு திறவுகோலை வைத்திருப்பவன் பூட்டின் அருமையை அறியான் என்பதைப் பூட்டு நகரத்தார்க்கு யான் விரித்துரைத்தல் மிகை. கதையை ஒருமுறை முற்ற ஆடி முடித்தவரும், வாரத்தில் ஒரு மணிநேரமே ஓய்வுடைய உழைப்பாளரும் இக்குறுக்கு வழியை நாடினால் அவரைப் பழித்தல் தகாது. புதிதாய்ப் புகுவோனே அதனை அஞ்சுதல் வேண்டும்.

பலர் கூடி ஆடும் விளையாட்டிலோ இழப்புப் பிறரையும் சாரும். 'டயாப்ளோ 3' என்னும் விளையாட்டில் 2013ஆம் ஆண்டு மே மாதம் ஒரு பிழை நேர்ந்து, அதனை அறிந்த சிலர் தம் பொன்னை அளவின்றிப் பெருக்கினர். நிறுவனத்தார் ஏலச்சந்தையை உடனே மூடிப் பிழையைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு நாட்டில் நாணயம் கணக்கின்றி அடிக்கப்படுமாயின் நேர்மையாய் ஈட்டியவன் கைக்காசும் மதிப்பிழக்கும் என்னும் பொருளியல் உண்மைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாம் வழியே மிகவும் கருதத்தக்கது. விளையாட்டுப் பொன்னுக்கும் மெய்ப்பொன்னுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1999ஆம் ஆண்டு வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டின் நாணயத்தைப் பலர் டாலருக்கு விற்றனர். எட்வர்டு காஸ்ட்ரனோவா என்னும் பொருளியலறிஞர் 2001ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து, அந்நாணயம் அக்காலத்து ஜப்பானிய யென்னினும் மிக்க மதிப்புடையதென்று காட்டினார். பின்னர்ச் சீன நாட்டில் இளைஞர் பலர் கூலிக்கமர்ந்து, நெடுநேரம் கணினிமுன் இருந்து, 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டிற் பொன் திரட்டி மேனாட்டார்க்கு விற்கும் தொழிற்கூடங்களும் தோன்றின. ஒருவனுக்கு விளையாட்டாயிருந்தது மற்றொருவனுக்குக் கூலிவேலையாயிற்று.

மேற்கூறிய டயாப்ளோ 3 விளையாட்டின் நிறுவனத்தாரே, ஆடுவோர் மெய்ப்பணம் கொடுத்துப் படைக்கலம் வாங்கும் ஏலச்சந்தையொன்றை 2012ஆம் ஆண்டு திறந்தனர். பகைவரை வென்று பரிசில் பெறுவதே விளையாட்டின் உயிராயிருக்க, அதனை அச்சந்தை குலைத்துவிட்டதென்று தாமே ஒப்புக்கொண்டு, 2014ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் அதனை மூடினர். விற்று ஊதியம் பெற்றோரே கைவிட்ட வழியை வாங்குவோர் ஏன் நாடவேண்டும்?

இக்காலத்துக் கைப்பேசி விளையாட்டுக்கள் இன்னும் நுட்பமானவை. ரூபாயைக் கொடுத்து ஒருவகைக் கல்லை வாங்கி, அதனை வேறொரு கல்லாக மாற்றி, அதனையும் மற்றொன்றாக்கி, ஈற்றில் அதனைக் கொண்டு குலுக்கற் சீட்டுப்போல் ஒரு வீரனையோ வாளையோ பெற முயலவேண்டும். இத்துணை மாற்றங்களுக்கிடையே தன் பணம் எவ்வளவு சென்றதென்பதை ஆடுவோன் மறந்துபோகின்றான். 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் விளையாட்டைப் பற்றி இக்குற்றச்சாட்டையே எழுப்பிய அமெரிக்க வாணிக ஆணையத்துடன், 2025ஆம் ஆண்டு சனவரி மாதம் அதன் நிறுவனத்தார் 2 கோடி டாலர் செலுத்த இசைந்து உடன்பாடு செய்துகொண்டனர்.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல்லையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சார்ந்த மாணவருட் பலர், நூற்பாலைத் தொழிலாளர், பூத்தொடுப்போர், சிறு உழவர் ஆகியோரின் மக்கள். தந்தையின் வங்கிக் கணக்கு மகனது கைப்பேசியிற் பிணைந்திருக்கின்றது. ஆலையில் இரவு ஷிப்டு முழுதும் கண்விழித்து ஒருவர் ஈட்டிய கூலி, விரல் மூன்றுமுறை தொட்டவளவில் நிறமுள்ள கற்களாய் மாறிவிடும். இங்கே இழக்கப்படுவது கற்பனைப் பொன்னன்று. ஒரு குடும்பத்தின் அரிசியும், ஒரு தங்கையின் பள்ளிக் கட்டணமும்.

சட்டம் காவாதோ எனின், ஓரளவே காக்கும். தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் கொணர்ந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், பணம் வைத்தாடும் ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விலக்கும் விதிகளும் வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் மாதம் அவற்றை நிலைநிறுத்தியது. இந்தியப் பாராளுமன்றம் இயற்றி, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டமோ, பணப்பந்தய ஆட்டங்களையே விலக்கிற்று. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்திற் கடிந்த சூதினை நோக்கி எழுந்தன இவை. ஆயின் விளையாட்டுக்குள்ளே பொன்னும் கல்லும் விலைக்கு வாங்குவது பந்தயம் என்னும் பெயரிற் பெரும்பாலும் அடங்காது. அவ்விடத்தில் ஒவ்வொரு மாணவனும் தனக்குத்தானே சட்டமியற்றிக்கொள்ள வேண்டும்.

அச்சட்டம் நெடிதன்று. விளையாட்டுப் பொருளை விளையாட்டிலேயே ஈட்டுக. வீட்டுப் பொருளை அதற்கு ஈடாகக் கொடாதிருக்க. இவ்வளவே. மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மைந்தர் கணினிமுன் அமர்ந்த மாத்திரத்தே சினந்து, 'இதனால் என்ன பயன்?' என்று கேளாதீர்கள். 'அந்நாட்டில் நீ எங்ஙனம் பொருள் ஈட்டினாய்?' என்று கேளுங்கள். மருந்து வடித்தும் மோதிரம் செய்தும் ஈட்டினேன் என்பானாயின், அவன் சிறிதேனும் கற்றுக்கொண்டிருக்கின்றான். விலைக்கு வாங்கினேன் என்பானாயின், கடிதற்கு அதுவே தக்க பொழுது. முயன்று பெறும் சிறுபொருளிலும் இன்பமுண்டு என்பதை ஒருவன் விளையாட்டிலே கற்றால், அக்கல்வி இந்நகரின் தொழிலிலும் வணிகத்திலும் அவனுக்குத் துணைநிற்கும் என்பது ஒருதலை.

— தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன்