குரங்கும் நாலு வன்தட்டுகளும்

2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தினுள் குரங்கொன்று புகுந்தமையால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது. இலங்கைக்கும் வானரங்களுக்கும் இடையிலான பகை பழையது என்று சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் மின்சாரம் திரும்பும் வேளை நெருங்கியபோது எழுந்து சென்று, வீட்டின் மூலையிலிருந்த கணினியின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன். மின்சாரம் போவதிலும் பார்க்க அது திரும்பி வருவதே ஆபத்தானது என்பதை 2022இல் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான்.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டில் அப்போது நான்கு வன்தட்டுகள் பொருத்திய கணினியொன்று இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்தது. கட்டுரைகள், புகைப்படங்கள், ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய நேர்காணல்கள் யாவும் அதிலேயே இருந்தன. ஓரிரவு மின்சாரம் திரும்பிய மறுகணம் சுருக்கென்ற ஓசையும் கருகல் மணமும் எழுந்தன. கணினிப் பெட்டியோடு இலவசமாக வந்த மின்வழங்கி எரிந்திருந்தது. அது தான் மட்டும் போகாமல் இரண்டு வன்தட்டுகளின் மின்சுற்றுப் பலகைகளையும் கூட்டிச் சென்றது.

அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பமாக அமைக்கப்பட்டவை. ஒன்று பழுதானால் மற்றது காக்கும் என்ற நம்பிக்கையிலேயே இரட்டிப்புப் பணம் செலவிட்டிருந்தேன். இரண்டும் ஒரே மின்வழங்கியிலிருந்து பால் குடிக்கும் பிள்ளைகள் என்பது அன்றுவரை என் புத்தியில் உறைக்கவில்லை. பூஞ்சணம் பிடித்த மூல ஒலிநாடாக்களை முன்னரே வீசிவிட்டேன். பேசியவர்களுள் பலர் இன்று உயிரோடில்லை.

வன்தட்டை வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கின்றோம். அதற்கு உணவூட்டும் பொருளைக் கடைக்காரன் கையில் விட்டுவிடுகின்றோம். கடைக்காரனோ, “ஐயா, 750 வாற்று எடுங்கோ, பயமில்லை” என்பான். இந்த உபதேசம் கோப்புகளைச் சேமிக்கும் கணினிக்குப் பொருந்தாது என்பது எனது உறுதியான அபிப்பிராயம். (‘சேர்வர்’ என்பதையும் நாம் ‘வழங்கி’ என்றே தமிழாக்கியிருப்பதால், மின்வழங்கியைப் பற்றி எழுதும் இக்கட்டுரையில் அச்சொல்லைத் தவிர்க்கின்றேன்.)

கணக்கைப் பாருங்கள். மூன்றரை அங்குல வன்தட்டொன்று சுழலத் தொடங்கும் சில செக்கன்களுக்கு 12 வோல்ற் இணைப்பில் ஏறத்தாழ இரண்டு அம்பியர், அதாவது 24 வாற்றளவு இழுக்கும். நான்கும் ஒருங்கே சுழன்றால் நூறு வாற்று. தாய்ப்பலகையும் செயலியும் சேர்ந்தாலும் இருநூறுக்குள் அடங்கும். தொடக்கம் முடிந்ததும் முழுக் கணினியும் நாற்பது வாற்றளவில் அமைதியடையும். ஆகவே 300 அல்லது 350 வாற்று தாராளம்.

பெரிதாயிருந்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 750 வாற்று மின்வழங்கிக்கு நாற்பது வாற்று என்பது ஐந்து சதவீதச் சுமை. ‘80 பிளஸ்’ என்ற தரச்சின்னம் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் அளந்து வழங்கப்படுவது. டைட்டானியம் என்ற உயர் தரத்துக்கு 10 சதவீதத்திலும் அளப்பர். ஐந்து சதவீதத்தில் நடப்பதைப் பற்றி அந்தத் தங்கநிற ஒட்டி வாயே திறப்பதில்லை. வினைத்திறன் 85இலிருந்து 65 சதவீதமாக இறங்குமாயின் சுவரிலிருந்து இழுக்கப்படுவது 47 வாற்றிலிருந்து 61 வாற்றுக்கு மேல் ஏறும். ஓய்வின்றி ஓடும் கணினியில் இந்த வேறுபாடு ஆண்டுக்கு 125 அலகுகளைத் தாண்டும். படிமுறைக் கட்டணம் உள்ள நாட்டில் மாதம் பத்து அலகு என்பது சிறிய விடயமல்ல.

வாற்றளவைக் காட்டிலும் நான் இப்போது கேட்பவை வேறு. மிகை அழுத்தப் பாதுகாப்பு உண்டா? மின்சாரம் நின்றபின் எத்தனை மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும்? நல்லவை முழுச் சுமையிலும் 16, 17 மில்லிசெக்கன் நிற்கும். சாதாரண யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறுவதற்குச் சில மில்லிசெக்கன் முதல் பத்து வரை எடுக்கும். அந்த இடைவெளியைக் கடத்துவது மின்வழங்கியினுள் இருக்கும் பெரிய கொள்ளளவியே. மலிவுப் பொருள்களில் முதலில் மெலிவதும் அதுவே. வன்தட்டுகளுக்கான சாற்றா இணைப்புகள் போதுமானவையா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய நான்முனை இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் வார்ப்புப் பிளாஸ்டிக் இணைப்பிகள் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடியவை. அவற்றை என் வீட்டில் அனுமதிப்பதில்லை.

பம்பலப்பிட்டியில் அரைநாள் அலைந்து 350 வாற்று மின்வழங்கியொன்றை வாங்கினேன். கடைப் பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். அதன் விலையில் 650 வாற்று தருவதாகச் சொன்னான். மூன்றாண்டுகளாக அதுவே ஓடுகின்றது. மின்மானி 46, 47 வாற்றுக்கு மேல் காட்டியதில்லை. மூன்றாவது பிரதியொன்று இப்போது தனி வன்தட்டில், எந்த மின்கம்பியோடும் தொடர்பின்றி, அலுமாரியில் கிடக்கின்றது.

இழந்த நேர்காணல்களுள் மூன்றை முன்பொருகால் ரொறன்ரோவிலுள்ள நண்பருக்கு அனுப்பியிருந்தேன். அவர் அவற்றை அழிக்காமல் வைத்திருந்தார். ஏனையவற்றுக்கு என் குறிப்பேடுகள் மட்டுமே மிச்சம். என் கையெழுத்தோ, அக்காலத்தில் அச்சுக்கோப்பாளர்களே சபித்த கையெழுத்து.